இடம் வேண்டி நிற்றல்: அமெரிக்காவிற் சிறுநீரியற் பயிற்சிக்கு மாணவர் தெரிவாகுமாறு

கல்வியின் பயன் யாது என்று வினவுவார்க்கு ஆன்றோர் பலவாறு விடை கூறியுள்ளனர். ஆயின், அப்பயனைப் பெறுமுன் கல்விக்குரிய இடத்தைப் பெறவேண்டும் என்பது இக்காலத்து மாணவர் அனைவரும் பட்டறிந்த உண்மையாகும். எம் வகுப்பிலே 40 பிள்ளைகள் இருப்பின், வைத்தியராக வேண்டும் என்பார் அவருட் பதின்மருக்குக் குறையார். வைத்தியக் கல்லூரியின் வாயிலைக் கடந்துவிட்டால் யாவும் முடிந்தன என்று பெற்றார் எண்ணுகின்றனர். யாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வாயிலுக்கு அப்பாலும் வாயில்கள் உள என்பதையும், அவற்றுட் சில முன்னையவற்றினும் ஒடுங்கியன என்பதையும் எமக்கு உணர்த்தியவர் எம் பழைய மாணவர் ஒருவர்.

அவர் 9ஆம் வகுப்பு வரை எம்மிடந் தமிழ் கற்றவர். பின்னர்ப் பெற்றாருடன் அமெரிக்கா சென்று, ஆண்டுதோறும் பொங்கலுக்கு ஒரு கடிதம் எழுதும் வழக்கத்தை மட்டும் விடாது வைத்திருந்தார். 2023ஆம் ஆண்டுத் தை மாதத்தில் வந்த கடிதம் வழக்கத்தினும் பிந்தி வந்தது. “ஐயா, தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எனக்கு இந்தத் தையில் வழி பிறக்கவில்லை” என்று அது தொடங்கிற்று. சிறுநீரியற் சத்திரசிகிச்சையிற் பயிற்சி பெற விண்ணப்பித்தவர், எவ்விடத்தும் இடம் பெறாது நின்றார்.

இவ்விழா மலருக்குக் கட்டுரை வேண்டிய பழைய மாணவர் சங்கத்தார், எம்மிடமிருந்து இலக்கியப் பொருள் ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். எனினும், அக்கடிதத்தின் பின் யாம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை மாணவர்க்கும் பெற்றார்க்கும் எடுத்துரைத்தல் கூடுதற் பயனுடைத்து எனக் கருதினோம். யாம் வைத்தியர் அல்லேம்; தமிழாசிரியரே. ஆதலின், மருத்துவ நுட்பங்களிற் சுருங்கவும், தெரிவு முறையிற் சற்று விரியவும் கூறுவாம்.

துறையின் இயல்பு

முதற்கண் பெயரைத் தெளிதல் வேண்டும். சிறுநீரகவியல் வேறு, சிறுநீரியல் வேறு. முன்னது சிறுநீரகத்தின் நோய்களை மருந்தாலும் குருதிச் சுத்திகரிப்பாலும் ஆற்றுவது. பின்னது சிறுநீரகம், அதனின்று இறங்கும் குழாய்கள், சலப்பை, ஆண்மக்களுக்குரிய முன்னிற்குஞ் சுரப்பி, இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவற்றின் நோய்களைப் பெரும்பாலுஞ் சத்திரசிகிச்சையால் ஆற்றுவது. பத்திரிகைகள் இவ்விரண்டையும் ஒன்றாக மயங்க எழுதுவதை யாம் பலகாற் கண்டுளோம்.

இத்துறை பெயராற் புதியது, தொழிலாற் பழையது. சலப்பையிலுள்ள கல்லை அறுத்தெடுக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விரித்துரைக்கின்றது. கிரேக்க நாட்டு வைத்தியரோ, இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியிலே, கல்லுக்காகக் கத்தி எடோம். அதனை அத்தொழில் வல்லாரிடமே விடுவோம் என்று சூளுரைத்தனர். எனவே, இதற்கெனத் தனித் தொழிலாளர் அன்றே இருந்தனர் என்பது போதரும். உடலைக் கீறாது சலப்பையின் உள்ளிடத்தை ஒளிகொண்டு நோக்குங் கருவியை மாக்ஸ் நிற்சே என்னும் செருமானியர் 1879இல் வியன்னாவில் வைத்தியர் முன் காட்டினார். இன்றைய சிறுநீரியல் அக்கருவியோடு பிறந்தது எனலாம். அமெரிக்கச் சிறுநீரியற் சங்கம் 1902இல் நியூயோர்க்கில் நிறுவப்பட்டது. முன்னிற்குஞ் சுரப்பியிற் தோன்றும் புற்றுநோய் ஓமோன்களுக்கு அடங்குவது எனக் கண்ட சிறுநீரியலாளர் சாள்சு அகின்சு 1966இல் நோபெற் பரிசு பெற்றார். 1980இல் மியூனிச்சு நகரில், உடலுக்குப் புறத்தேயிருந்து அதிர்வலைகளைச் செலுத்திச் சிறுநீரகக் கல்லைப் பொடியாக்கும் முறை முதன்முறையாக ஒரு நோயாளரிடத்துக் கையாளப்பட்டது. இன்று பொறிக்கைகளின் துணையோடு சத்திரசிகிச்சை செய்வதிலும் இத்துறையினரே முன்னணியில் நிற்கின்றனர்.

கருவி நுட்பம், விரைந்து குணமாகும் நோயாளர், ஒரே நோயாளரை ஆண்டுக்கணக்கிற் காணும் வாய்ப்பு என்னும் இம்மூன்றும் ஒருங்கே அமைந்திருத்தலின், மாணவர் பலர் இத்துறையை விரும்புகின்றனர். இடங்களோ சில. அமெரிக்கா முழுவதிலும் 150 அளவான பயிற்சி நிலையங்களே உள. ஆண்டுதோறும் அவை சேர்த்துக்கொள்வோர் அண்மைக் காலத்தில் ஏறக்குறைய 350 முதல் 400 வரையினரே. வேண்டி நிற்போர் அத்தொகையினும் மிகுதியாதலின், ஒரு பகுதியினர் எவ்வாண்டும் வெறுங்கையராதல் தவிர்க்க முடியாதது.

வதிவிடப் பயிற்சியாவது யாது?

அமெரிக்காவில் வைத்தியராக விரும்புவார் முதலில் 4 ஆண்டுகள் பொதுவான பட்டப்படிப்பையும், பின் 4 ஆண்டுகள் வைத்தியக் கல்லூரிப் படிப்பையும் முடிப்பர். அதன் மேலும் ஒரு துறையிற் கைப்பயிற்சி பெற்றாலன்றி அத்துறையிற் தனித்துத் தொழில் புரிதல் இயலாது. அப்பயிற்சியே வதிவிடப் பயிற்சி எனப்படும். 1889இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலே, வில்லியம் ஹோல்ஸ்டெட் என்னும் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் இம்முறைக்கு உருக் கொடுத்தார். அக்காலத்துப் பயிலுநர் வைத்தியசாலையிலேயே வதிந்தமையால் இப்பெயர் எய்திற்று. இன்று அவர் வீட்டிலிருந்தே வருவராயினும் பெயர் மாறிற்றில்லை. பயிலுநரின் வேலை நேரம் வாரத்துக்கு 80 மணியை மேற்படலாகாது என்னும் வரம்பு 2003இல் நாடு முழுவதற்கும் விதிக்கப்பட்டது. வரம்பே 80 மணியாயின், வரம்பின்றி இருந்த காலத்தை வாசகர் உய்த்துணர்க.

சிறுநீரியற் பயிற்சி 5 ஆண்டுகள் நிகழும். சில நிலையங்கள் ஆராய்ச்சிக்கென மேலும் ஓராண்டைச் சேர்க்கும். முதலாண்டிற் பொதுச் சத்திரசிகிச்சையும் பயிலவேண்டும். ஆடி மாதத்தை அண்டிவரும் யூலை முதலாந் திகதி பயிற்சி தொடங்கும்.

விண்ணப்பத்தின் உறுப்புகள்

விண்ணப்பம் புரட்டாதி மாதமளவில், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் நடாத்தும் பொது விண்ணப்ப முறையின் வழியாக அனுப்பப்படுகின்றது. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

முதலாவது, பரீட்சைப் புள்ளி. அமெரிக்க மருத்துவ அனுமதிப் பரீட்சையின் முதற்படியிற் பெற்ற புள்ளியே முன்னர் மாணவரைச் சலிக்கும் அரிப்பாக இருந்தது. 2022ஆம் ஆண்டுத் தை முதல் அப்படியிற் சித்தி, சித்தியின்மை என்னும் இரண்டே அறிவிக்கப்படுகின்றன, எண் அறிவிக்கப்படுவதில்லை. அதனாற் போட்டி தணிந்ததோ எனின், இல்லை. நீரை ஒரு மடையில் அடைத்தால் மறுமடையிற் பாயுமாறு போல, போட்டி இரண்டாம் படிப் புள்ளிக்கும் ஆராய்ச்சிக்கும் பிறவற்றுக்கும் பெயர்ந்தது.

இரண்டாவது, ஆராய்ச்சி. இத்துறையை நாடுவோர் வைத்தியக் கல்லூரியின் முதலாண்டிலிருந்தே ஒரு பேராசிரியரைச் சார்ந்து, கட்டுரை எழுதுதல், மாநாடுகளில் ஆய்வை எடுத்துரைத்தல் ஆகியவற்றில் ஈடுபடுவர். கட்டுரைகளின் தொகையைப் பெருக்குதலே நோக்கமாகிவிடின், ஆராய்ச்சி தன் பெயருக்கு உரியதாகாது. நேர்முகப் பரீட்சையிலே, தன் பெயரிட்ட கட்டுரையின் பொருளை விளக்கமாட்டாது விழிப்பவன் அதனால் இழப்பனவே மிகுதி.

மூன்றாவது, புறப்பயிற்சி. இறுதியாண்டு மாணவர் தங் கல்லூரிக்குப் புறம்பான பயிற்சி நிலையங்கள் இரண்டொன்றிற்குச் சென்று, ஒவ்வொன்றிலும் நான்கு வாரமளவு அங்குள்ள பயிலுநரோடு ஒருவராய் நின்று உழைப்பர். இஃது ஒரு மாதம் நீளும் பரீட்சை எனலாம். வினாத்தாள் மட்டும் இல்லை. எம் மாணவர் எழுதியவற்றுள் எம் மனத்தில் நின்றது இது: அங்குக் கவனிக்கப்படுவது அறிவுக் கூர்மையன்று. விடியுமுன் வந்து நோயாளரின் இரவு நிலையை அறிந்து வைத்தல், தாதியரிடம் பணிவோடு பேசுதல், தெரியாததைத் தெரியாது என்று கூறுதல், உடன்வந்த மாணவனைத் தாழ்த்தித் தன்னை உயர்த்தாதிருத்தல் என்பனவே அங்கு நோக்கப்படுவன. கத்தி பிடிக்கக் கற்பித்தல் எளிது, குணத்தைக் கற்பித்தல் அரிது என்பதைச் சத்திரசிகிச்சைப் பேராசிரியர்கள் நன்கறிவர்.

நான்காவது, நற்சான்றுக் கடிதங்கள். இத்துறையினர் தொகையாற் சிறியராதலின், ஒருவரையொருவர் அறிவர். துறைத் தலைவர் எழுதும் கடிதம் மிகுந்த கனமுடையது. “கெட்டிக்காரன்” என்னும் ஒரு சொல்லினும், “இம்மாணவன் ஒருநாள் இன்னது செய்தான்” என்னும் ஒரு செய்தி வலியது. ஆசிரியராகிய யாமும் நற்சான்று எழுதும்பொழுது இதனை நினைவிற் கொள்ளவேண்டியவரே.

ஐந்தாவது, விருப்பக் குறி. விண்ணப்பித்தல் எளிதாகவே, ஒருவரே 50க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு விண்ணப்பிக்கலாயினர். எல்லாரும் எல்லாவிடத்தும் விண்ணப்பிப்பின், உண்மையில் வர விரும்புவார் யாவர் என்பதை நிலையத்தார் அறியுமாறு எங்ஙனம்? இதற்கு மருந்தாகவே விருப்பக் குறி வகுக்கப்பட்டது. சிறுநீரியலில் முதலில் ஒவ்வொரு மாணவர்க்கும் 5 குறிகள் அளிக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டுத் தெரிவிலிருந்து அவை 30 ஆயின. ஏறக்குறைய 150 நிலையங்களுள், குறி பெறுவன ஐந்தில் ஒரு பங்கே. குறி பெறாத நிலையம் நேர்முகத்துக்கு அழைத்தல் அருமையாதலின், 30 குறிகளையும் பெயர்பெற்ற நிலையங்களுக்கே இடுபவன் தானே தன் வழியை அடைத்தவனாவான். எட்டாக் கனியுஞ் சில, எட்டுங் கனியும் பல என்னும் கணக்கே ஈண்டு வேண்டப்படுவது. எம் மாணவர் முதன்முறை தவறியது பெரும்பாலும் இவ்விடத்தே என அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

தன்விளக்கக் கட்டுரை

ஆறாவது உறுப்பாகிய தன்விளக்கக் கட்டுரையைத் தனியே எடுத்துரைப்பதற்குக் காரணம், அஃதொன்றே எம் தொழிலோடு நேரே தொடர்புடையது என்பதாம். “இத்துறையை ஏன் விரும்புகின்றீர்?” என்னும் வினாவுக்கு ஒரு பக்க அளவில் விடை எழுதவேண்டும். இடம் பெறாத அவ்வாண்டிலே, எம் மாணவர் தாம் அனுப்பியிருந்த கட்டுரையை எமக்குக் காட்டி, குறை கூறுமாறு வேண்டினார். ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த அக்கட்டுரையை யாம் அகராதியின் துணைகொண்டு இருமுறை படித்தோம். மனித உடலின் வியப்பு, விஞ்ஞானத்தின் மாட்சி, சேவையின் மேன்மை என்பன அதில் நிரம்பியிருந்தன. எழுதியவர் மட்டும் அதில் இல்லை. பெயரை அழித்துவிட்டால், 500 மாணவருள் எவரும் அதற்கு உரிமை கோரலாம். அவ்வாறு எழுதப் பழக்கியவர் யாமே என்பதையும் நாணத்தோடு உணர்ந்தோம். பேச்சுப் போட்டிக்கென மனனஞ் செய்வித்த அடுக்குமொழிகளின் சாயல் ஆங்கிலத்திலும் தொடர்ந்திருந்தது.

“நீர் இத்துறையை முதன்முதற் கண்டது எங்கே? கண்டதை எழுதும்” என்று மறுமொழி விடுத்தோம். ஒரு கிழமையில் வந்த விடை எம்மை வியப்பில் ஆழ்த்தியது. அவர் எம் கல்லூரியில் 7ஆம் வகுப்பிற் படித்த காலத்து, அவருடைய அப்பு தமக்குச் சலம் போவதில் இருந்த இடரை ஈராண்டு ஒருவரிடமும் கூறாது மறைத்திருந்தாராம். இரவில் ஐந்தாறு முறை எழுந்து வேலியோரம் சென்று நிற்பாராம். ஒருநாள் இரவு முற்றாக அடைத்துக்கொண்டது. வலி தாளாத முதியவரை வாடகைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றபொழுது, பேரனும் உடன் சென்றார். ஓர் இளம் வைத்தியர் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தினார். சில நிமிடங்களில் அப்புவின் முகம் மாறியது. “அம்முகத்தை நான் மறக்கவில்லை” என்று அவர் எழுதியிருந்தார். வீடு திரும்பும் வழியில் அப்பு சொன்ன ஒரே வார்த்தை: “இதை ஒருத்தருக்கும் சொல்லாதை, மோனை.”

இதுவன்றோ விடை! முன்னிற்குஞ் சுரப்பி பருத்தல் முதுமையில் ஆண்மக்கள் பெரும்பாலார்க்கு நேர்வது. தகுந்த காலத்திற் கூறின் மருந்தாலும் சத்திரசிகிச்சையாலும் ஆற்றத்தக்கது. ஆயின், நாணம் நோயினும் வலிதாய் வாயை அடைக்கின்றது. எம்மூர் முதியோர் எத்தனை பேர் இன்றும் இவ்வாறு மறைத்து வாழ்கின்றனர் என்பதை எண்ணிப் பார்க்க. பேரனுக்கு இட்ட அக்கட்டளையை மீறி, அதனையே அவர் தம் கட்டுரையின் பொருளாக்கினார். அப்பு இன்று இல்லை; இருப்பின் பொறுத்தருள்வார் என்றே நம்புகின்றோம். யாம் செய்த திருத்தம் ஒன்றே: முதற் பந்தியை முழுதும் வெட்டிவிடுமாறு கூறினோம். கட்டுரை வேலியோரத்தில் தொடங்கிற்று.

நேர்முகப் பரீட்சை

விண்ணப்பங்களை ஆராய்ந்த நிலையங்கள், தாம் விரும்புவோரை ஐப்பசி முதல் மார்கழி வரையான காலத்தில் நேர்முகத்துக்கு அழைக்கும். முன்னர் மாணவர் தங் கைப்பொருள் செலவிட்டு நகரந்தோறும் பறந்து செல்வர். 2020ஆம் ஆண்டின் கொள்ளை நோய்க் காலத்தில் நேர்முகம் காணொளி வழிக்கு மாறியது. பெரும்பான்மை அவ்வழியே நிலைத்தது. செலவு குறைந்தமை ஏழை மாணவர்க்கு நன்மையே. ஆயின், ஐந்தாண்டு வாழப்போகும் இடத்தைக் கண்ணாற் காணாது தெரிவு செய்தல் அதன் குறையாகும். “எம்மை எத்தனையாவது இடத்தில் வைப்பீர்?” என்று மாணவரைக் கேட்டல் நிலையத்தார்க்கு விலக்கப்பட்டுள்ளது. அவ்விலக்கின் காரணம் அடுத்த பகுதியில் விளங்கும்.

இணைப்பு முறை

தெரிவு முறையின் உயிர்நிலை இதுவே. நேர்முகம் முடிந்தபின், ஒவ்வொரு மாணவரும் தாம் சென்ற நிலையங்களை விருப்ப வரிசைப்படி பட்டியலிடுவர். ஒவ்வொரு நிலையமும் தான் கண்ட மாணவரை அவ்வாறே பட்டியலிடும். ஒருவர் பட்டியல் மற்றவர்க்குத் தெரியாது. அமெரிக்கச் சிறுநீரியற் சங்கம் அவ்விரண்டையும் கணிப்பொறியில் இட்டு இணைத்து, தை மாதத்தில் முடிவை அறிவிக்கும். பிற துறைகளுக்கான நாடளாவிய இணைப்பு பங்குனியில் நிகழும். சிறுநீரியல் அதற்கு முந்தியது.

இம்முறை ஏன் எழுந்தது? 1940களில் அமெரிக்க வைத்தியசாலைகள் ஒன்றையொன்று முந்தி மாணவரைக் கவர முயன்றன. படிப்பு முடிய ஈராண்டு இருக்கும்பொழுதே இடம் அளிக்கலாயின. அழைப்புக்கு விடை கூற 1945இல் 10 நாள் அவகாசம் இருந்தது. 1949 அளவில் அரைநாள் அவகாசமும் மிகையெனக் கருதப்படும் நிலை வந்தது. தந்தியைக் கையிற் பிடித்தபடியே மாணவர் தம் வாழ்வைத் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. இக்குழப்பத்தை ஒழிக்க 1952இற் பொது இணைப்பு நிறுவப்பட்டது. பின்னர் 1962இல், டேவிட் கேல், லொயிட் சப்லி என்னும் கணித அறிஞர் இருவர், இத்தகைய இணைப்பின் கணிதத்தைத் தனியே ஆராய்ந்து வெளியிட்டனர். 1998இல் அல்வின் ரோத்து என்பாரும் துணைவரும் பொது இணைப்பை மாணவர் விருப்பத்தை முன்வைப்பதாகத் திருத்தி அமைத்தனர். 2012இல் ரோத்துக்கும் சப்லிக்கும் பொருளியலுக்கான நோபெற் பரிசு வழங்கப்பட்டது.

முறையை எடுத்துக்காட்டால் விளக்குவாம். அ, ஆ, இ என மாணவர் மூவர், கிழக்கு, மேற்கு, தெற்கு என நிலையங்கள் மூன்று, ஒவ்வொன்றிலும் ஓரிடம். அ, ஆ இருவரும் கிழக்கு, மேற்கு, தெற்கு என வரிசையிட்டனர். இ என்பான் மேற்கு, கிழக்கு, தெற்கு என வரிசையிட்டான். கிழக்கு நிலையம் ஆ, அ, இ எனவும், மேற்கு நிலையம் அ, இ, ஆ எனவும், தெற்கு நிலையம் இ, ஆ, அ எனவும் வரிசையிட்டன.

அ தன் முதல் விருப்பமாகிய கிழக்கைக் கேட்கின்றான். கிழக்கு அவனைத் தற்காலிகமாக வைத்துக்கொள்கின்றது. இ மேற்கைக் கேட்கின்றான். மேற்கும் அவ்வாறே வைத்துக்கொள்கின்றது. ஆ கிழக்கைக் கேட்கின்றான். கிழக்குக்கு அ என்பானினும் ஆ விருப்பமானவன். ஆதலின் அ விடப்படுகின்றான். விடப்பட்ட அ தன் இரண்டாம் விருப்பமாகிய மேற்கைக் கேட்கின்றான். மேற்குக்கு இ என்பானினும் அ விருப்பமானவன். ஆதலின் இ விடப்படுகின்றான். இ கிழக்கைக் கேட்கின்றான். அது ஆ என்பானையே விரும்புதலின் மறுக்கின்றது. ஈற்றில் இ தெற்கை அடைகின்றான். ஆ கிழக்கிலும், அ மேற்கிலும், இ தெற்கிலும் நிலைபெற்றனர்.

இதனின்று மாணவர் அறிய வேண்டுவன மூன்று. ஒன்று: அ கிழக்கை முதலிற் கேட்டதனால் மேற்கை இழந்தானல்லன். எட்டாத இடத்தை முதலில் எழுதுவதால், எட்டும் இடம் கைநழுவாது. ஆதலின், “அங்கே கிடைக்குமோ, கிடையாதோ” என்று கணக்கிட்டு வரிசையை மாற்றுதல் வீண். உண்மையான விருப்பத்தை உண்மையான வரிசையில் எழுதுவதே மாணவர்க்கு நன்மை என்று கணித நூலார் நிறுவியுள்ளனர். இரண்டு: இ தெற்கை எழுதாது விட்டிருப்பின், இடமின்றி நின்றிருப்பான். மூன்று: முடிவு கட்டுப்படுத்துவது. இணைக்கப்பட்டபின், வேறிடம் இனிது என்று விலகுதல் ஒப்பந்தத்தை மீறுவதாகும். சென்று ஐந்தாண்டு உழைக்க ஒருப்படாத இடத்தை எழுதவே கூடாது.

உண்மை கூறுவோனுக்குக் கேடு விளையாதவாறு ஒரு முறையை வகுத்திருத்தல் எம்மைக் கவர்ந்தது. வாய்மையை அறநூல் கற்பிக்கக் கண்டுளோம். கணிதமும் அதற்குக் காவலாய் நிற்கக் கண்டது இதுவே முதன்முறை. எனினும் இதன் எல்லையையும் மறத்தலாகாது. உள்ள இடங்களை ஒழுங்காகப் பகிர்வதன்றி, இல்லாத இடத்தைப் படைக்க எம்முறையாலும் இயலாது.

இடம் பெறாதார்

இடம் பெறாதார் செய்யத்தக்கன சில உள. இணைப்பின் பின் எஞ்சிய இடம் ஏதேனும் உண்டோ என நாடலாம். வேறொரு துறைக்கும் முன்னரே விண்ணப்பித்திருப்பின், பங்குனி இணைப்பில் அத்துறையை வேண்டி நிற்கலாம். பொதுச் சத்திரசிகிச்சையில் ஓராண்டுத் தொடக்கப் பயிற்சி பெறலாம். ஓராண்டு ஆராய்ச்சியில் ஈடுபட்டு மறுமுறை விண்ணப்பிக்கலாம். மறுமுறை வேண்டுவார் இடம் பெறுதல், முதன்முறை வேண்டுவாரினும் அரிது என்பதை மறைத்தல் தகாது. ஆதலின், முதன்முறை தவறியதன் காரணத்தை அஞ்சாது ஆராய்ந்து, அதனை மாற்றியபின்னரே மறுமுறை முயலல் வேண்டும்.

எம் மாணவர் ஆராய்ச்சி வழியைத் தெரிந்தார். அவ்வாண்டு அவர் எழுதிய கடிதங்கள் இரண்டே. அவற்றுள் ஒன்றில், “ஐயா, எட்டாம் வகுப்பில் நீங்கள் புள்ளிகளை முதலாம் பிள்ளை தொடக்கம் கடைசிப் பிள்ளை வரை உரத்து வாசிப்பீர்கள். நான் எப்போதும் முதல் மூவருக்குள் இருந்தபடியால், கடைசியில் வாசிக்கப்படுபவன் அந்த நேரம் எங்கே பார்த்துக்கொண்டு இருப்பான் என்று நினைத்ததில்லை. இப்போது நினைக்கிறேன்” என்று எழுதியிருந்தார். அவர் குறையாகச் சொன்னாரல்லர். ஆயினும், அன்று தொட்டு யாம் புள்ளிகளை உரத்து வாசிப்பதில்லை.

எம் நாட்டு மாணவர்க்கு

இங்குப் பட்டம் பெற்ற வைத்தியர் அமெரிக்காவில் வதிவிடப் பயிற்சி வேண்டின், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான கல்விக் குழுவின் சான்றிதழைப் பெறல் வேண்டும். மேற்கூறிய பரீட்சைகளில் சித்தியெய்தலும் வேண்டும். அவ்வாறு செல்வோருள் சிறுநீரியலில் இடம் பெறுவார் ஆண்டுதோறும் மிகச் சிலரே. ஆசை கொள்ளுமுன் அளவை அறிக. இலங்கையிலேயே நிபுணராகும் வழியும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1980 முதல் இயங்கும் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் அவ்வழியை நடாத்துகின்றது. அங்குத் தெரிவுப் பரீட்சையே முதல் வாயில்.

அமெரிக்க மருத்துவத்துக்கும் எம்மவர்க்கும் உள்ள தொடர்பு புதியதன்று. நியூயோர்க்கில் மருத்துவங் கற்ற சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவி, எம்மவர்க்குத் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார். உடற்கூற்று நூல் முதலியவற்றைத் தமிழாக்குவித்தார். நோயைத் தன் மொழியில் எடுத்துரைக்கவும், தன் மொழியில் கேட்டறியவும் வழியிருப்பின், நோயாளனின் நாணம் பாதி அகலும் என்பது அவர் முயற்சியால் யாம் பெறும் பாடம். சிறுநீர் நோய்களுக்குக் கூச்சமின்றிச் சொல்லத்தக்க நல்ல தமிழ்ச் சொற்கள் இன்றும் வேண்டும். அது வைத்தியரும் தமிழாசிரியரும் கூடிச் செய்யத்தக்க பணி.

முடிவுரை

2024ஆம் ஆண்டுத் தையில் எம் மாணவரின் கடிதம் காலத்தோடு வந்தது. அவருக்கு இடங் கிடைத்தது. தம் பட்டியலில் அவர் ஏழாவதாக எழுதிய நிலையம் அது. “ஏழாவதா?” என்று முதலில் யாமுஞ் சிறிது முகஞ் சுளித்தோம்; பழைய பழக்கம் எளிதில் விடுவதன்று. பின்னர் எண்ணினோம்: அவர் ஏழாவதை எழுதாது விட்டிருப்பின்? இன்று அங்கு இரவுக் கடமையில் நிற்கும் அவர், அடைப்பால் வருந்தி வரும் முதியோரின் கட்டிலருகே நின்று குழாய் செலுத்துகின்றார். அம்முதியோர் அவர் எத்தனையாவது விருப்பத்தில் அங்கு வந்தார் என்று கேட்பதில்லை.

எம் கல்லூரி மாணவர்க்கு யாம் கூற விரும்புவது இதுவே. முதலிடத்தை விரும்புக, விருப்பத்தை மறையாது எழுதுக. ஆயின், பட்டியலை முதலிடத்தோடு முடித்துவிடாதீர். பெற்றாரே, பிள்ளையின் பட்டியலை நீங்கள் எழுதாதீர். அவனைக் கேட்டு அவனே எழுதுமாறு விடுக. முதியோரே, உடலிடர் ஏதேனும் உளதாயின், வேலியோரத்தில் மறைந்து நில்லாது வைத்தியரிடங் கூறுக. உங்களைக் கேட்டறிவதற்கென்றே, எங்கோ ஒரு மாணவன் இடம் வேண்டி நிற்கின்றான்.